வெள்ளை எங்க போயி நிக்கும்னு காட்டுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க விளையாட்டுப் பக்கத்துல போன வாரம் ஒருத்தர் எழுதியிருந்தாரு, பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் எல்லாம் டிவில பாத்தா தூக்கம்தான் வருது, ரெண்டு பேர் மாத்தி மாத்தி மேஜை மேல குனியறாங்க, ஒருத்தர் கிளவுஸ் போட்டுட்டு பந்த எடுத்து வைக்கறாரு, அவ்வளவுதான்னு. படிச்சதும் சுர்ருனு கோவம் வந்துச்சு. அப்புறம் ஒரு காபி நேரம் யோசிச்சா அவரு சொன்னதுல பாதி நெஜம்னு ஒத்துக்கத் தோணுச்சு, டிவில அது அப்படித்தான் தெரியுது. ஆனா அதுக்கு விளையாட்டு என்ன பண்ணும், காட்டறவங்கதான் பாதிய ஒளிச்சு வெச்சுட்டு காட்டறாங்க. அத பத்தி நாலு வார்த்தை எழுதலாம்னு உக்காந்தேன், நாலுல நிக்காதுனு தெரியும், இடம் பத்தலனா வெட்டிக்கோங்க.

எங்கம்மாவுக்கு கிரிக்கெட் அத்துப்படி. எல்பிடபிள்யூ ரிவ்யூ வந்தா ஸ்க்ரீன்ல வர்றதுக்கு முன்னாடியே அம்பயர்ஸ் கால்னு சொல்லிடுவாங்க. பந்து எங்க பிட்ச் ஆச்சு, கால்ல எங்க பட்டுச்சு, ஸ்டம்ப்ல எவ்வளவு உரசும்னு மூணையும் பாக்கணும்னு அவங்களுக்கு யாரும் உக்கார வெச்சு பாடம் எடுக்கல, அந்த கிராஃபிக்ஸ் திரும்பத் திரும்ப வந்தே கத்துக் குடுத்துருச்சு. அதே அம்மா ஒரு நாள் ராத்திரி என்கூட உக்காந்து ஸ்னூக்கர் பாத்தாங்க. ஒரு ரெட், அதான் சிவப்புப் பந்து, பாக்கெட் வாசல்லயே நிக்குது, ஊதினா விழுந்துரும். பிளேயர் அத விட்டுட்டு மேஜைய சுத்திப் போயி தூரத்துல இருக்கற இன்னொரு ரெட்டுக்கு குறி வெச்சாரு. "ஏன்டா, வாசல்ல நிக்கறத விட்டுட்டு இந்த ஆளு ஏன் அங்க போறான், கண்ணு தெரியாதா"னு கேட்டாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவரு அடிச்சுட்டாரு, ரெட் உள்ள போச்சு, குச்சியால அடிக்கற வெள்ளைப் பந்து மெதுவா உருண்டு வந்து கருப்புப் பந்துக்குப் பக்கத்துல நின்னுச்சு, ஹாலே கை தட்டுது, அம்மாவுக்கு எதுக்கு தட்டறாங்கனு புரியல. ரீப்ளே போட்டாங்க. ரெட் பாக்கெட்ல விழறத மூணு கேமரால இருந்து காட்டினாங்க. வெள்ளை எங்க போச்சுனு ஒரு கேமரா கூட காட்டல!

என் மொத்த புகாரும் அந்த ரீப்ளேதான்.

விளையாடினவங்களுக்குத் தெரியும், ஸ்னூக்கர்ல பந்த உள்ள தள்றது பாதி வேலைகூட இல்ல. ரெட் ஒண்ண போட்டா அடுத்து ஒரு கலர், அதாவது கருப்பு, பிங்க் மாதிரி சிவப்பு இல்லாத ஒரு பந்து போடணும், அப்புறம் மறுபடி ரெட், மறுபடி கலர். அதனால அடிக்கற ஒவ்வொரு அடியிலயும் வெள்ளை அடுத்த பந்துக்கு சரியான கோணத்துல போயி நிக்கணும், அதுக்கு அடுத்ததும் மனசுல இருக்கணும். பக்கத்துல நின்னா மட்டும் போதாது. கருப்புக்கும் பாக்கெட்டுக்கும் நேர்கோட்டுல வெள்ளை நின்னுட்டா கருப்ப போடறது சுலபம், ஆனா போட்டப்புறம் வெள்ளையால அதே கோட்டுல முன்னாடி போகலாம் பின்னாடி வரலாம், பக்கவாட்டுல ரெட் கூட்டத்துக்குப் போகறதுக்கு வழியே கெடையாது. கொஞ்சம் கோணலா நின்னாதான் வெள்ளைய மேஜைல எங்க வேணாலும் ஓட்டிட்டுப் போகலாம். பிளேயர்ஸ் பொசிஷன், பொசிஷன்னு உயிர விடறது இதுக்குத்தான். அன்னைக்கு வாசல்ல நின்ன ரெட்ட தட்டியிருந்தா வெள்ளை போயி குஷன்ல, அதான் மேஜை ஓரத்து ரப்பர் சுவர்ல, ஒட்டிட்டு நின்னிருக்கும், எந்தக் கலருக்கும் கோணம் இல்ல, ஒரு பாயிண்டோட எந்திரிச்சுப் போயி நாற்காலில உக்காரணும். தூரத்து ரெட் கஷ்டம்தான், ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு பெரிய பிரேக்கே, அதாவது விடாம பந்து போட்டு பாயிண்ட் சேக்கற வாய்ப்பே காத்துட்டிருந்துச்சு. இது தெரிஞ்சா அம்மா அந்த அடிய மூச்சு விடாம பாத்திருப்பாங்க.

கமெண்ட்ரில சொல்றாங்களேனு கேப்பீங்க. சொல்றாங்க, ஆனா யாருக்கு, ஏற்கனவே தெரிஞ்ச எனக்குத்தான். "ஹி நீட்ஸ் டு ஹோல்ட் திஸ்"னு ஒரு பழைய சாம்பியன் மெல்லிய குரல்ல முணுமுணுத்தா புதுசா பாக்கறவங்களுக்கு என்ன விளங்கும்.

நான் கேக்கறது ஒரே ஒரு கிராஃபிக்ஸ். பிளேயர் மேஜைய சுத்தி நடந்து யோசிக்கறப்போ, அவருக்கு இருக்கற ரெண்டு மூணு வழிய எடுத்து, இந்த ரெட்ட அடிச்சா வெள்ளை இந்தப் பக்கம் வந்து இந்த இடத்துல நிக்கும், அந்த ரெட்ட அடிச்சா அங்க நிக்கும்னு மேஜைத் துணி மேலயே லேசா ஒரு நிழல் மாதிரி போட்டுக் காட்டணும். ஒவ்வொரு அடிக்கும் வேணாம், முடிவு எடுக்கறது சிக்கலா இருக்கற இடத்துல மட்டும் போதும். அப்புறம் அவரு குனிஞ்சதும் எல்லாத்தையும் அழிச்சுடணும். அடிச்சு முடிச்சப்புறம் ரீப்ளேல வெள்ளை நெஜமா போன பாதைய அந்த நிழல் மேல வரையணும். அவரு நெனச்சது என்ன, நடந்தது என்னனு ரெண்டுக்கும் நடுவுல இருக்கற அந்த நாலு விரக்கடைலதான் சார் இந்த விளையாட்டோட டென்ஷனே இருக்கு.

நிழல்னு ஏன் சொல்றேன், கோடுனு ஏன் சொல்லலனா, கோடு பொய் சொல்லும். இப்பவே சில ஒளிபரப்புல வெள்ளைல இருந்து ரெட்டுக்கு, ரெட்ல இருந்து பாக்கெட்டுக்குனு ஸ்கேல் வெச்ச மாதிரி ரெண்டு கோடு போடறாங்க. பாக்க அழகாத்தான் இருக்கு, மொபைல் கேம்ல வர்ற மாதிரி. ஆனா வெள்ளை அடிபட்டப்புறம் எங்க போகும்ங்கறது அடிக்கறவரு கைல இருக்கு, அது அடிக்கறதுக்கு முன்னாடி எந்த கம்ப்யூட்டருக்கும் தெரியாது. அதுக்குனு ஒண்ணுமே சொல்ல முடியாதுனும் இல்ல. வெள்ளை உருளாம சறுக்கிட்டே போயி இன்னொரு பந்தோட பக்கவாட்டுல பட்டா ரெண்டு பந்தும் கிட்டத்தட்ட 90 டிகிரில பிரியும், இத ஸ்டன் ஷாட்டுனு சொல்வாங்க. வெள்ளை நல்லா உருண்டு போயி அடுத்த பந்துல பாதி படற மாதிரி பட்டா, வந்த வழில இருந்து சுமார் 30 டிகிரி சொச்சம் திரும்பும், கால்வாசில இருந்து முக்கால்வாசி வரைக்கும் எப்படிப் பட்டாலும் இது பெருசா மாறாது. ஆக இந்த ரெண்டு கோணமும் கைல இருந்தா சாதாரண அடிக்கு வெள்ளை போகற திசைய ஓரளவுக்கு போட்டுரலாம், பின்னாடி இழுக்கற ஸ்க்ரூ ஷாட்ட சேத்தா நிழல் கொஞ்சம் அகலமாகும், அவ்வளவுதான். கொரியோலிஸ்னு ஒருத்தர், காத்து சுழற்சி பாடத்துல பேரு வருமே அதே பிரெஞ்சுக்காரர்தான், 1835லயே பில்லியர்ட்ஸ் பந்து எப்படி எப்படி சுழன்று போகும்னு கணக்குப் போட்டு ஒரு முழு புஸ்தகம் எழுதி வெச்சுட்டாரு. கணக்கு அப்பவே ரெடி, நாமதான் இன்னும் படம் போடல.

சுழற்சி விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா டிவில சுத்தமா காணாம போறது அதுதான். ஸ்னூக்கர் பந்து 52.5 மில்லிமீட்டர் குறுக்களவு. கியூ, அதான் அடிக்கற குச்சி, அதோட நுனி நடுவுல இருந்து ஆரத்துல பாதிக்கு மேல தள்ளிப் பட்டா வழுக்கிட்டு மிஸ்க்யூ ஆயிடும். கணக்குப் போட்டா 13 மில்லிமீட்டர். நடுவுல இருந்து நாலா பக்கமும் 13 மில்லிமீட்டர், அந்தக் குட்டி வட்டத்துக்குள்ள எங்க குத்தறாங்கறதுலதான் வெள்ளை முன்னாடி ஓடறதும், பின்னாடி வர்றதும், குஷன்ல பட்டு அகலமா திரும்பறதும் எல்லாமே இருக்கு. நுனி பந்த தொட்டுட்டு இருக்கற நேரம் ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்ட்தான். இத தூரத்துல இருக்கற கேமரா எடுத்து, சின்ன ஸ்க்ரீன்ல காட்டி, "கொஞ்சம் ரைட் சைட் போட்டாரு"னு கமெண்டேட்டர் சொல்றப்போ நாம நம்பித்தான் ஆகணும், சாமி கும்படற மாதிரி. ரீப்ளேல மூலைல ஒரு பெரிய வெள்ளை வட்டம் போட்டு, நுனி பட்ட இடத்துல ஒரு நீலப் புள்ளி வெச்சா போச்சு. கியூக்கு நேர் எதிர்ல தாழ்வா ஒரு வேகமான கேமரா இருந்தா அந்தப் புள்ளிய கண்டுபிடிக்கறது பெரிய வித்தையில்ல.

அடிச்சப்புறம் வெள்ளை எப்படி சுழலுதுனு பாக்கறது இன்னும் கஷ்டம், ஏன்னா பளபளனு ஒரே வெள்ளையா இருக்கற உருண்டை சுழன்றா என்ன சுழலலனா என்ன, ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். நம்பர் போட்ட பந்து வெச்சு ஆடற பூல் ஆட்டக்காரங்க இதுக்கு எப்பவோ வழி பண்ணிட்டாங்க. டிவி மேட்ச்ல ஆறு சிவப்புப் புள்ளி வெச்ச வெள்ளைப் பந்த கொண்டு வந்தாங்க, பந்து பின்னாடி சுழன்றுக்கிட்டே முன்னாடி போறது வீட்ல உக்காந்து பாக்கறவங்களுக்கும் தெரியும், கம்ப்யூட்டருக்கும் அந்தப் புள்ளிங்க பிடிமானம். அதே பூல்ல இன்னொண்ணும் பண்ணாங்க, 4ஆம் நம்பர் பந்து ஊதா, அது டிவில கருப்பு மாதிரி தெரிஞ்சு குழப்புதுனு பிங்க்கா மாத்தினாங்க, 7ஆம் நம்பர் கரும்சிவப்ப வெளிர் பழுப்பாக்கினாங்க. பாக்கறவங்களுக்காக பந்தோட நிறத்தையே மாத்தினவங்க இருக்காங்க. ஸ்னூக்கர்காரங்களுக்கு மட்டும் வெள்ளைல ஒரு புள்ளி வெச்சா தீட்டு ஆயிடும் போல.

நிறம்னு சொன்னதும் ஞாபகம் வருது. இந்த விளையாட்டு டிவில பிரபலம் ஆனதே ஒரு புது டெக்னாலஜிய காட்டப் போயித்தான். பிபிசி டூல கலர் டிவி வந்த புதுசுல, கலர காட்ட செலவு கம்மியா ஒரு நிகழ்ச்சி வேணும்னு யோசிச்சு 1969ல பாட் பிளாக்குனு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அப்ப அந்த சேனல பாத்துக்கிட்டவரு டேவிட் அட்டன்பரோ, காட்டு விலங்குங்கள காட்டுவாரே அவரேதான். அப்ப நெறைய வீட்ல பிளாக் அண்ட் வைட் டிவிதான், அதனால கமெண்டேட்டர் டெட் லோ, பிளாக் அண்ட் வைட்ல பாக்கறவங்களுக்காக சொல்றேன், பிங்க் பந்து பச்சைக்குப் பக்கத்துல இருக்குங்கற மாதிரி சொல்லி இன்னிக்கு வரைக்கும் அத வெச்சு சிரிக்கறாங்க. நான் சிரிக்க மாட்டேன். இன்னிக்கு பொசிஷன் பத்தி கமெண்டேட்டர் சொல்றதும் அதே கதைதான், நம்ம டிவில தெரியாத ஒண்ண வாயால சொல்லிட்டு இருக்காரு.

அப்புறம் 1985. ஷெஃபீல்டுல க்ரூசிபிள் தியேட்டர், உலக சாம்பியன்ஷிப் ஃபைனல், டென்னிஸ் டெய்லரும் ஸ்டீவ் டேவிஸும் ஆளுக்கு 17 ஃப்ரேம், அதாவது 17 ஆட்டம் ஜெயிச்சு 17-17னு வந்து கடைசி ஃப்ரேம்ல கடைசி கருப்பு வரைக்கும் இழுத்தாங்க, நடுராத்திரி தாண்டி ஒரு கோடியே 85 லட்சம் பேர் பிரிட்டன்ல முழிச்சிருந்து பாத்தாங்க. அதுக்கு எந்த கிராஃபிக்ஸும் தேவைப்படலையேனு என் நண்பர் ஒருத்தர் இத வெச்சே என்ன மடக்குவாரு. நான் சொல்றது, ஒரே பந்து மிச்சம் இருக்கறப்போ குழந்தைக்குக் கூட புரியும், யாரு போடறானோ அவன் ஜெயிச்சான். அப்ப எல்லாரும் பாத்தாங்க. 15 ரெட்டும் 6 கலரும் மேஜைல பரவி கெடக்கறப்போவும் அதே அளவுக்கு ஜனங்களுக்கு புரிஞ்சா அப்பவும் பாப்பாங்க, அதத்தான் கேக்கறேன்.

ஒண்ணுமே பண்ணலனு சொல்ல மாட்டேன். கிரிக்கெட்ல பந்து போற பாதைய கணக்குப் போட்டுக் காட்ட 2001ல வந்த ஹாக்-ஐய பிபிசி 2007 உலக சாம்பியன்ஷிப்ல ஸ்னூக்கருக்கும் கொண்டு வந்துச்சு, பிளேயர் கண்ணு இருக்கற இடத்துல இருந்து பந்து எப்படித் தெரியுதுனு கம்ப்யூட்டர் படமா காட்டினாங்க, முக்கியமா நடுவுல ஒரு பந்து மறைச்சுக்கிட்டு ஸ்னூக்கர் ஆகியிருக்கா இல்லையானு. அது நல்ல வேலை. ஏன்னா வழக்கமான கேமரா மேஜையோட ஒரு முனைல உயரத்துல இருக்கு, 12 அடி மேஜை அதுல குட்டையா நசுங்கித் தெரியும், தூரத்துல இருக்கற கோணமெல்லாம் பொய். மெல்லிசா வெட்டி அடிக்கற பந்து நேரா இருக்கற மாதிரி தெரியும், பிளேயர் விட்டா "இதக்கூட போடத் தெரியலையே"னு நாம திட்டுவோம். நேர் மேல இருக்கற கேமராவுல கோணம் சரியா இருக்கும், ஆனா அதுல எல்லாமே தட்டையா பொட்டு வெச்ச கோலம் மாதிரி ஆயிடும். ரெண்டையும் சேக்கறதுக்குத்தான் கம்ப்யூட்டர். ஆனா அந்த ஹாக்-ஐ படம் வர்றப்போ நெஜ மேஜை போயிட்டு ஒரு பிளாஸ்டிக் மேஜை வரும், ரெண்டு செகண்ட் காட்டிட்டு திரும்பி வந்துருவாங்க, கண்ணு பழகறதுக்குள்ள முடிஞ்சிரும். நெஜ மேஜை மேலயே வரைஞ்சா என்ன?

வரையலாம், அதுவும் மத்த எந்த விளையாட்டையும் விட இதுல சுலபம். கிரிக்கெட் மைதானம் ஊருக்கு ஊர் அளவு மாறும், புல்லு மாறும், வெயில் மாறும். இங்க மேஜை எங்க போனாலும் 3569க்கு 1778 மில்லிமீட்டர், நாலு மூலை தெரிஞ்சா போதும், கேமரா எங்க இருக்குனு கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சுரும். வெளிச்சம் மாறாது. பந்து 22தான், எல்லாம் ஒரே சைஸ், துணிய விட்டு எந்திரிக்கறதே அபூர்வம். அதுவும் இல்லாம, வானிலை அறிக்கை வாசிக்கறவங்க பின்னாடி பச்சைத் திரை கட்டி அதுல மேப் ஓட்டுவாங்களே, இங்க விளையாடற இடமே பச்சைத் துணி! (பச்சைப் பந்தும் ஒண்ணு இருக்குனு உடனே யாராவது பதில் கடிதம் போடுவாங்க, தெரியும், அது வேற பச்சை.) அமெரிக்க ஃபுட்பால்ல 1998ல இருந்து மைதானத்துல ஒரு மஞ்சக் கோடு போடறாங்க, பந்து அடுத்து எது வரைக்கும் போகணும்னு காட்ட. அந்தக் கோடு ஆளுங்க காலுக்கு அடில போகும், மேல ஏறாது, நெஜமா புல்லுல பெயிண்ட் அடிச்சது மாதிரியே இருக்கும். எது புல்லு எது ஆளுனு நிறத்த வெச்சு பிரிச்சு வரையறாங்க. நம்ம நிழலும் அப்படித்தான் இருக்கணும், பந்துக்கு அடில, கியூக்கு அடில, பிளேயர் கைக்கு அடில, துணியோட துணியா.

இதுல ஒரு எச்சரிக்கையும் இருக்கு. அதே அமெரிக்கால 1996ல ஐஸ் ஹாக்கில பந்துக்குப் பதிலா வெச்சு ஆடற அந்த சின்ன கருப்பு வட்டு, பக்குனு சொல்வாங்க, அது கண்ணுக்குத் தெரியலனு அதுக்குள்ள கருவி வெச்சு, டிவில அத சுத்தி நீல ஒளிவட்டம் வர்ற மாதிரியும் வேகமா அடிச்சா சிவப்பு வால் வர்ற மாதிரியும் ஃபாக்ஸ் சேனல் காட்டுச்சு. பழைய ரசிகர்கள் வீடியோ கேமாடா இதுனு கொதிச்சுட்டாங்க, ரெண்டு வருஷத்துல அது போயே போச்சு. மஞ்சக் கோடு நின்னுச்சு, நீல ஒளி போச்சு. என் புத்திக்கு எட்டினது, கோடு பாக்கறவனுக்குத் தெரியாத ஒண்ண சொல்லுச்சு, ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சொல்லிட்டு ஒதுங்கிக்கிச்சு. ஒளிவட்டம் ஆட்டம் நடக்கறப்போ குறுக்க வந்து நின்னுச்சு. அதனால பந்து உருளறப்போ தயவு செஞ்சு ஒண்ணும் போடாதீங்க. அந்த மெதுவா உருண்டு நிக்குமா நிக்காதாங்கற மூணு செகண்ட்ல கோடு, நெருப்பு, சத்தம்னு எதுவும் வேணாம். இந்த அடி விழறதுக்கு இத்தன சதவீதம் வாய்ப்புனு நம்பர் போடறதும் எனக்குப் பிடிக்கல, செஸ்ல யாரு கை ஓங்கியிருக்குனு காட்ட பக்கத்துல ஒரு பட்டை ஏறி இறங்கறத பாத்து பாத்து ஜனங்க போர்டையே பாக்கறதில்ல, இங்கயும் அதே ஆகும்.

நேரம் இருக்கானு கேக்கலாம். சாதாரணமா ஒரு அடிக்கு 20, 25 செகண்ட் எடுத்துக்கறாங்க, தாராளமா போதும். ரானி ஓ'சல்லிவன் மாதிரி ஆளுக்கு மட்டும் கஷ்டம். 1997ல அவரு அடிச்ச 147, அதாவது எல்லாப் பந்தையும் விடாம போட்டு எடுக்கற முழு பிரேக், மொத்தம் 36 பந்து, 5 நிமிஷம் 20 செகண்ட்னு இருவது வருஷமா சொல்லிட்டிருந்தாங்க, அப்புறம் ஒருத்தர் பழைய வீடியோவ போட்டு பாத்து கடிகாரத்த தப்பா ஓட விட்டிருக்காங்கனு கண்டுபிடிச்சு அது 5 நிமிஷம் 8 செகண்ட் ஆச்சு. ஒரு அடிக்கு எட்டு, ஒம்போது செகண்ட். அவரு ஆடறப்போ கிராஃபிக்ஸ் ஆளு டீ குடிக்கப் போகலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. ஆனா இன்னொண்ணு முக்கியம், இந்த நிழல் ஹால்ல இருக்கற ஸ்க்ரீன்ல வரவே கூடாது, பிளேயர் கண்ணுல பட்டா அது சொல்லிக் குடுக்கற மாதிரி ஆயிடும். வீட்ல பாக்கறவங்களுக்கு மட்டும்.

கேமராவும் கொஞ்சம் வேகமா வேணும். செகண்டுக்கு 50 படம் எடுக்கற கேமரால, செகண்டுக்கு 10 மீட்டர் வேகத்துல போற பந்து ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல 20 சென்டிமீட்டர் தாவிடும், கிட்டத்தட்ட நாலு பந்து வரிசையா வெச்ச தூரம். பூல்ல பந்துக் கூட்டத்த கலைக்கற முதல் அடி அந்த வேகத்துக்குப் போகும். அப்ப எந்தப் பந்து எதுல மோதுச்சுனு கம்ப்யூட்டர் ஊகம்தான் பண்ணும். பொசிஷன் அடி எல்லாம் மெதுவா போறது, அதுக்கு பிரச்சனை இல்ல.

சின்னச் சின்னதா இன்னும் ரெண்டு மூணு இருக்கு. அடிக்க வேண்டிய பந்துல படாம விட்டதுக்கு ரெஃபரி ஃபவுல் அண்ட் மிஸ் குடுத்தா, எதிராளி கேட்டா பந்துங்கள பழைய இடத்துலயே திருப்பி வைக்கணும், அப்ப ரெஃபரி கொஞ்சம் இடது, கொஞ்சம் வலதுனு பழைய படத்த பாத்து பாத்து வைப்பாரு, நாம ஒண்ணும் புரியாம உக்காந்திருப்போம். பழைய படத்த இப்ப நடக்கற படத்து மேல லேசா போட்டு அவங்க பாக்கற அதே படத்த சில சமயம் நமக்கும் காட்டறாங்க, அப்ப பாருங்க, ரெண்டு உருவமும் ஒண்ணோட ஒண்ணு சேர்ற அந்த நொடி சும்மா ஜிவ்வுனு இருக்கும். எப்பவும் காட்டுங்க. மேஜைல மிச்சம் எத்தன பாயிண்ட்னு ஸ்கோர் பக்கத்துல ஓடிட்டே இருக்கட்டும், ஒரு ரெட் மிச்சம்னா ரெட்டுக்கு 1, கூட கருப்புக்கு 7, ஆக 8, அப்புறம் கலர் எல்லாம் சேத்து 27, ஆக 35, எதிராளி 36 பின்னாடி இருந்தா அவரு பந்த மறைச்சு ஸ்னூக்கர் போட்டு, முன்னாடி இருக்கறவர ஃபவுல் பண்ண வெச்சு பாயிண்ட் வாங்காம ஜெயிக்க முடியாது, இந்த ஒரு கணக்கு தெரிஞ்சா திடீர்னு ஏன் ஒளிஞ்சு ஒளிஞ்சு ஆடறாங்கனு புரிஞ்சிரும்.

நிறம் சரியா பிரிச்சுப் பாக்க முடியாதவங்களுக்கும் ஏதாவது பண்ணணும். சிவப்பும் பழுப்பும் ஒண்ணா தெரியறவங்க ஆம்பளைங்கள்ல நெறைய பேர், முன்னாள் உலக சாம்பியன் பீட்டர் எப்டனே அப்படித்தான், பிரவுன் எது ரெட் எதுனு ரெஃபரிகிட்ட கேட்டுட்டு ஆடியிருக்காரு. மேஜை முன்னாடி நிக்கற சாம்பியனுக்கே இந்த கதினா டிவில பாக்கறவங்க நெலம? பிரவுன் தன் ஸ்பாட்ட விட்டு நகந்து ரெட்டுங்களுக்கு நடுவுல போயிட்டா அது மேல சின்னதா அதோட பாயிண்ட் 4னு ஒரு நம்பர் மிதக்க விடலாம்.

மூணு பந்து ஆட்டங்கள பத்தி எழுதினா இந்தக் கடிதம் முடியாது. ஆனா கிராஃபிக்ஸ் யாருக்கு ரொம்ப தேவைனா அவங்களுக்குத்தான். த்ரீ குஷன்ல பாக்கெட்டே கெடையாது, அடிக்கற பந்து மத்த ரெண்டு பந்துலயும் படணும், ரெண்டாவத தொடறதுக்கு முன்னாடி மூணு தடவையாவது குஷன்ல பட்டிருக்கணும். அடிக்கறதுக்கு முன்னாடி பாக்கறவனுக்கு ஒண்ணுமே தெரியாது, அடிச்சப்புறம் அஞ்சாறு செகண்ட் பந்து மேஜை பூரா சுத்தும், கடைசில எங்க இருந்தோ வந்து தட்டும். அதுல ஓடின பாதைய ரீப்ளேல வரைஞ்சு காட்டினத பாத்திருக்கேன், ஒரே அடில கத்துக்கிட்டேன்.

இதெல்லாம் டிவிகாரங்க செய்ய வேண்டியது, உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா உங்க பேப்பராலயும் ஒண்ணு முடியும். செஸ் மேட்ச் நடந்தா கட்டம் போட்டு காய் எங்க இருந்துச்சுனு படம் போடறீங்க, எந்த காய் நகத்தினாங்கனு கூட போடறீங்க. பில்லியர்ட்ஸுக்கு மட்டும் 10-8, 6-3னு ஒரு வரி. ஃபைனலுக்காவது, திருப்பம் வந்த அந்த ஒரு அடிக்கு மட்டும் ஒரு சின்ன மேஜை படம் போடுங்க, வெள்ளை இங்க இருந்துச்சு, இங்க போகணும்னு நெனச்சாரு, இங்க போயி நின்னுச்சுனு. பேப்பர்ல ஒரு பத்தியோட பாதி அகலம் போதும்.

அன்னைக்கு ராத்திரி மேட்ச் முடிஞ்சப்புறம் அம்மா விடல, ஏன் தூரத்து ரெட்ட அடிச்சான்னு சொல்லிட்டுத் தூங்குனு பிடிச்சுக்கிட்டாங்க. கைல கெடச்ச பேப்பர்ல பேனாவால மேஜை வரைஞ்சேன், சட்டை பட்டன் ஒண்ண வெள்ளையா வெச்சேன், ரெண்டு ரெட்டும் கருப்பும் பேனாலயே போட்டேன். அவங்க கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அப்ப வாசல்ல நிக்கறத அடிச்சா இங்க வந்துல்ல மாட்டிக்குவான்"னு குஷன் ஓரத்துல விரல வெச்சாங்க. சரியான இடம். அந்தப் படத்தையும் இதோட வெச்சிருக்கேன், வரைஞ்சது உங்க விளையாட்டுப் பக்கத்து மேலதான், மன்னிச்சுக்கோங்க.

இப்படிக்கு,
ராத்திரி முழிச்சு ஸ்னூக்கர் பாக்கற உங்க வாசகன்